இரண்டு தேதிகளுக்கு நடுவே: மலேசியப் பிரதமர்களும் பெண்ணுரிமையும்

பாலோவில் இருந்து பார்க்கும்போது நாட்டின் மூன்றாவது பிரதமர் தூரத்து மனிதர் அல்லர். குளுவாங் மாவட்டத்தின் இந்தச் சிற்றூர் செம்புரோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும். 2004-இல் இருந்து இத்தொகுதியில் வென்று வரும் ஹிஷாமுடின் ஹுசேன், அந்தப் பிரதமர் துன் ஹுசேன் ஓனின் மகன். 1946-இல் அம்னோவைத் தோற்றுவித்து, ஜொகூரின் மந்திரி பெசாராகவும் இருந்த டத்தோ ஓன் ஜாபாரின் பேரன். துன் ஹுசேன் ஓன் 1976 ஜனவரியில் பிரதமரானார். அதே ஆண்டில் அவருடைய அரசாங்கம் திருமணம், மணமுறிவு பற்றிய சட்டச் சீர்திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. 164-ஆம் எண் சட்டம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். முஸ்லிம் அல்லாத ஆண், எந்தச் சாதி சமய வழக்கத்தைக் காட்டியும், முதல் மனைவி இருக்கும்போது இன்னொருத்தியை மணக்க முடியாது என்று விதித்த சட்டம் அது.

தோட்டப்புறத் தமிழ்ப் பெண்ணின் வீட்டுக்குள் இவ்வளவு ஆழமாகப் போன சட்டம் இந்த நாட்டில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. ஆனால் அது நடப்புக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அதற்குள் ஹுசேன் ஓன் பதவி விலகி, டாக்டர் மகாதீர் பிரதமராகியிருந்தார். நிறைவேறியதற்கும் நடப்புக்கு வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு போன கணவனை எதிர்த்து முதல் மனைவி எந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்க முடியும்?

நம் நாட்டுச் சட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு தேதிகள் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றி, மாமன்னர் ஒப்புதல் தந்து, அரசிதழில் அச்சாகி வந்த பின்னும், துறை அமைச்சர் நாள் குறிக்கும்வரை சட்டம் உறங்கிக்கொண்டே இருக்கும். பிரதமர்களின் பெருமை முதல் தேதியில் எழுதப்படுகிறது. பெண்ணின் வாழ்க்கை இரண்டாவது தேதியில்தான் மாறுகிறது. பிரதமர்களும் பெண்ணுரிமையும் என்ற கேள்வியை ஆராய்வோர் இந்த இரண்டாவது தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தத் தேதியிலும் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் யார்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நீண்ட மரபு இருக்கிறது. எந்த அதிபர் பெண்களுக்கு அதிகம் செய்தார் என்று கேட்டால் கையெழுத்துகளின் வரிசை ஒன்று வரும். வுட்ரோ வில்சன் காலத்தில், 1920-இல், பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-ஆவது திருத்தம். ஜான் கென்னடியின் 1963-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம். லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம். கல்விக்கூடங்களில் பாகுபாட்டைத் தடுத்த, நிக்சன் காலத்து 1972-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு கிளிண்டன், ஒபாமா. வரிசை சரிதான். ஆனால் வில்சன் மனம் மாறியது 1918-இல்தான். அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே வெள்ளை மாளிகை வாசலில் பதாகை ஏந்தி நின்ற பெண்கள் கைதாகி, சிறையில் உண்ணாவிரதம் இருந்து, வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டு வதைபட்டார்கள். 1920-க்குப் பிறகும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் உண்மையாக வாக்களிக்க 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. கென்னடியின் சம ஊதியச் சட்டம் பிறந்தபோது வயல்களில் கூலிக்கு உழைத்த பெண்ணும், பிறர் வீட்டில் வேலை செய்த பெண்ணும் அதன் எல்லைக்குள் இல்லை. கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே நிக்சன்தான், அதற்கு முந்தைய ஆண்டில், நாடு முழுதும் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க வந்த மசோதாவைத் தம் அதிகாரத்தால் நிறுத்தினார். பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜிம்மி கார்ட்டர் 1980-இல் கையெழுத்திட்டார்; அமெரிக்க மேலவை இன்றுவரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. மலேசியா 1995-இல் அந்த உடன்படிக்கையில் இணைந்துவிட்டது. சில விதிகளை ஏற்கவில்லை என்று ஒதுக்கிவைத்துத்தான் இணைந்தது என்றாலும், இணைந்தது.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். அது பிரதமர்கள் தோன்றுவதற்கு முன்பே தொடங்குகிறது. 1920-களின் இறுதியில் தோட்டத் தொழிலாளருக்குத் தரக்கூலி நிர்ணயித்தபோது முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வருகைக் கணக்கெடுப்புக்கு, நின்று, ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, ஆண் வெட்டிய அதே பால்மரத்தை வெட்டிய பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. இந்தக் குறைவைப் பிரிட்டிஷ் நிர்வாகமும் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தோட்டங்களின் பெண்களே. துப்பாக்கி பிடித்தவர்கள் போர் முடிந்ததும் திரும்பவும் பால்வாளியைத் தூக்கினார்கள். அவர்களோடு நின்ற இருவர் பின்னாளில் நாட்டின் பொதுவாழ்வில் இடம்பிடித்தார்கள். ஒருவர் ஜானகி ஆதி நாகப்பன், 1946-இல் ம.இ.கா. தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர், பின்னர் மேலவை உறுப்பினர். இன்னொருவர் ராசம்மா பூபாலன்.

1955-இல் நடந்த முதல் நாடு தழுவிய தேர்தலில் மலாயாப் பெண்கள் ஆண்களோடு ஒரே நாளில் வாக்களித்தார்கள். அமெரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி வாங்கியது இங்கே போராட்டமில்லாமல் கிடைத்தது என்று பாடநூல்கள் பெருமைப்படும். அந்தத் தேர்தலின் வாக்காளர்களில் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் மிகச் சிலர். தமிழ்ப் பெண்ணுக்கு வாக்குரிமை மறுக்கப்படவில்லை. அவள் குடிமகள் இல்லை, அவ்வளவே. சுதந்திரத்துக்குப் பிறகும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெண்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். விண்ணப்பப் பாரம், மலாய் மொழித் தேர்வு, பிறப்புச் சான்று, இவையெல்லாம் கேட்ட அலுவலகம் தோட்டத்துக்கு எட்டாத தொலைவில் இருந்தது. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். கணவனுக்கு நீல அட்டை, மனைவிக்குச் சிவப்பு அட்டை என்று இருந்த வீடுகளில் அந்தச் சட்டம் என்ன செய்திருக்கும் என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயர் பெண்ணுரிமை வரலாற்றில் நல்ல பெயர். இந்தப் பகுதியும் அவருடைய காலத்ததுதான்.

துங்கு காலத்தின் பெரிய வெற்றி அரசுப் பணியில் சம ஊதியம். அதன் முழுப் பெருமையையும் பிரதமருக்குக் கொடுப்பது அநியாயம். அன்று அரசாங்க வேலையிலிருந்த பெண், ஒரே தகுதி, ஒரே வேலை என்றாலும் ஆணைவிடக் குறைவாகவே சம்பளம் வாங்கினாள். திருமணம் ஆனதும் நிரந்தரப் பணியை இழந்து, மாதத்துக்கு மாதம் நீட்டிக்கப்படும் தற்காலிக ஊழியராக மாறினாள். ஓய்வூதியமும் போயிற்று. 1960-இல் ஆசிரியைகள் தங்களுக்கென்று தனித் தொழிற்சங்கம் கண்டபோது அதன் தொடக்கத் தலைவராக வந்தவர் ராசம்மா பூபாலன். 1963-இல் பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றம் உருவானது. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோரிக்கையை எழுதினார்கள். அம்னோ மகளிர் தலைவி பாத்திமா ஹாஷிம் உள்ளே இருந்து துங்குவிடம் பேசினார். 1960-களின் நடுவில் அரசாங்கம் கொள்கையை ஏற்றது. படிப்படியாகச் சம்பளம் சமமாவதற்கு அந்தப் பத்தாண்டின் இறுதிவரை ஆனது. 1969-இல் பாத்திமா நாட்டின் முதல் பெண் அமைச்சரானார்.

இதே கட்சியில் அதற்கு முன்பு குரல் கொடுத்த கதிஜா சீடேக்கை இங்கே சொல்லாமல் போக முடியாது. சுமத்ராவிலிருந்து வந்து ஜொகூர் பாருவில் வாழ்ந்த அவர், 1954-இல் அம்னோவின் கௌம் இபு என்ற மகளிர் பிரிவுக்குத் தலைவியானார். பெண்களுக்கு வேட்பாளர் இடம் வேண்டும், கட்சிக்குள் தனி நிலை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 1956-இல் கட்சியை விட்டு நீக்கப்பட்டார். ஆண் தலைவர்களிடம் மெதுவாகப் பேசியவருக்கு அமைச்சர் பதவி, ஓங்கிப் பேசியவருக்குக் கதவடைப்பு. இருவரும் இல்லாமல் 1960-களின் வெற்றி வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அந்தச் சம ஊதியம் அரசுப் பணிக்கு மட்டுமே. தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்தது, அவளிடம் படித்த பிள்ளையின் தாய்க்குக் கிடைக்கவில்லை. தாய் பாலின் எடைக்குக் கூலி வாங்கினாள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. மாதச் சம்பளம் என்ற ஒன்று வேண்டும் என்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரதமர் நஜீப் காலத்தில், 2013 ஜனவரி 1 முதல், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. ஆண், பெண் என்ற வேறுபாடே இல்லாத தொகை. பெண்ணுரிமை என்ற தலைப்பில் யாரும் எழுதாத அந்த ஆணைதான், 50 காசு, 40 காசு என்று தொடங்கிய கணக்கைத் தோட்டத்தில் முடித்துவைத்தது. அப்போது தோட்டத்தில் தமிழ்ப் பெண்கள் கொஞ்சம் பேரே மிஞ்சியிருந்தார்கள்.

துன் ரசாக் காலத்தை இரண்டு வரியில் சொல்லலாம். பெல்டா நிலக்குடியேற்றங்களை வளர்த்தார். நம் குளுவாங் மாவட்டத்திலும் காஹாங் பக்கம் அவை இருக்கின்றன. நிலம் குடியேறியவரின், அதாவது கணவனின் பெயரில். உடன் உழைத்த மனைவியின் பெயரையும் சேர்க்க வழி பிறந்தது 2002-இல்தான். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் திறந்த தாராள வர்த்தக மண்டலங்கள் மின்னணுத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் முதன்முறையாகத் தம் பெயரில் மாதச் சம்பளம் வாங்கினார்கள். எந்தத் தீர்மானத்தையும் விட அந்தச் சம்பளம் வீட்டில் அவர்கள் குரலை உயர்த்தியது.

மீண்டும் 164-ஆம் எண் சட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் தமிழர் திருமணம் வழக்கத்தின் கையில் இருந்தது. கோயிலில் தாலி கட்டினால் திருமணம். கட்டியவன் வேறு தோட்டத்துக்குப் போய் மீண்டும் கட்டினால் அதுவும் திருமணம். ஜீவனாம்சம், மணமுறிவு, சொத்து என்று எதைக் கேட்பதற்கும் அவளிடம் தாள் இல்லை. அரச விசாரணை ஆணையம் அமைந்து, நாடெங்கும் கருத்துக் கேட்டு, பெண்கள் அமைப்புகள் ஓயாமல் வலியுறுத்தி, கடைசியில் ஹுசேன் ஓன் காலத்தில் சட்டம் நிறைவேறியது. திருமணப் பதிவு கட்டாயமானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்த வயது 18 ஆனது. 16 வயது நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசாரின் உரிமம் பெற்று மணம் முடிக்கலாம் என்று ஒரு சந்தும் விடப்பட்டது. அந்தச் சந்தை இன்னும் அடைக்காமல் இருப்பது நமக்கு அழகில்லை.

சட்டம் நடப்புக்கு வந்த பின் என்ன நடந்தது? கோயில் திருமணம் நடந்தது, பதிவு நடக்கவில்லை. பதிவகம் பட்டணத்தில், தோட்டத்திலோ ஞாயிறு தவிர லீவு கிடையாது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயை ஒட்டியே அமையும். தந்தை குடிமகனாக இருந்தும் பயனில்லை. தாயிடம் ஆவணம் எதுவும் இல்லையென்றால் பிள்ளை நாடற்ற பிள்ளையாக நிற்க நேரும். பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் குடும்பத்துக்கே இது தெரியவரும். பெண்ணைக் காக்க வந்த சட்டம், அவளை எட்டாதபோது அவள் பிள்ளையைத் தண்டித்தது. இதற்குச் சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை என்பதே குறை. அரசாங்கமும் ஏற்கவில்லை, நம் அரசியல் கட்சிகளும் கோயில் நிர்வாகங்களும் அந்த வேலையை முழுமனதாகச் செய்யவில்லை.

டாக்டர் மகாதீரின் 22 ஆண்டுகளில்தான் பெண்கள் தொடர்பான சட்டங்கள் அதிகம் வந்தன. 1989-இல் தேசிய மகளிர் கொள்கை. 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம். 1995-இல் ஐ.நா. உடன்படிக்கை. 1997-இல் வாரிசுரிமைத் திருத்தம். உயில் எழுதாமல் மனைவி இறந்தால் கணவனுக்கு எல்லாம், பிள்ளைகள் உள்ள கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த ஓரவஞ்சனை அதோடு போயிற்று. 2001-இல் மகளிர் அமைச்சு; அதே ஆண்டில் அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் பாலினத்தால் பாகுபாடு கூடாது என்ற சேர்க்கை.

இவற்றில் 1999-ஆம் ஆண்டின் ஒரு சிறிய திருத்தம் என் மனத்துக்கு நெருக்கமானது. அதற்கு முன் சட்டத்தின் கண்ணில் பிள்ளைக்குக் காப்பாளர் தந்தையே. பிள்ளைக்குக் கடப்பிதழ் எடுக்கவும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் அவன் கையெழுத்துத்தான் செல்லும். குடித்துவிட்டுத் திரிந்தாலும், ஓடிப்போய் ஆண்டுக்கணக்கானாலும் அவனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பெற்று வளர்த்துப் பள்ளிக்கட்டணம் கட்டியவளின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் தாயையும் தந்தைக்குச் சமமான காப்பாளராக்கியது. தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் நம்மிடையே எத்தனை பேர் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் எடை விளங்கும்.

குடும்ப வன்முறைச் சட்டத்துக்கும் இரண்டு தேதிகள்: 1994-இல் நிறைவேறி, 1996 ஜூனில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் 1985-இலிருந்தே பெண்கள் அமைப்புகள் கூட்டாக இயங்கின. 1982-இல் தோன்றிய மகளிர் உதவி அமைப்பு, அடிபட்டு வந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்துகொண்டே சட்ட வரைவுக்கும் உழைத்தது. இதே மகாதீர் காலத்தில்தான், 1987 அக்டோபரில், ஒப்பராசி லாலாங் நடவடிக்கையில், தொழிலாளர் பெண்களுக்காகப் பணியாற்றிய ஐரின் சேவியர் உள்ளிட்ட பெண்கள் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார்கள். தெனாகானித்தா என்ற அமைப்பை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ், வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை வெளிக்கொண்டு வந்ததற்காக 1996-இல் கைதாகி, 2003-இல் தண்டனை பெற்று, 2008-இல்தான் விடுவிக்கப்பட்டார். வில்சனின் வெள்ளை மாளிகை வாசலில் நடந்தது உலகத்தில் ஒரே முறை நடந்ததன்று.

மகாதீர் காலத்தின் இன்னொரு திருத்தம் பெண்ணுரிமைப் பட்டியல்களில் வராது. 1988-இல் அரசியலமைப்பின் 121-ஆவது பிரிவில் சேர்த்த உட்பிரிவு, ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்டதில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. கணவன் மட்டும் மதம் மாறி, பிள்ளைகளையும் மாற்றிவிட்டால், இந்து மனைவி எங்கே போவாள்? ஷரியா நீதிமன்றத்தில் அவளுக்கு நிற்க இடமில்லை. சிவில் நீதிமன்றம் கைவிரித்தது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி 2009-இல் சந்தித்தது இதைத்தான். மூன்று பிள்ளைகளும் அவருக்குத் தெரியாமல் மதம் மாற்றப்பட்டார்கள். பால்குடி மறவாத கடைக்குட்டியைத் தந்தை தூக்கிச் சென்றார். அந்த ஆண்டு ஏப்ரலில் நஜீப்பின் அமைச்சரவை, திருமணத்தின்போது பெற்றோர் எந்தச் சமயத்தில் இருந்தார்களோ அதிலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்று முடிவெடுத்தது. முடிவு முடிவாகவே நின்றது, சட்டமாகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இதே சிக்கலைப் பேச வழக்கறிஞர் மன்றம் கூட்டிய கருத்தரங்கு எதிர்ப்பாளர்களால் பாதியில் நின்றது. மன்றத்தின் அப்போதைய தலைவர் அம்பிகா சீனிவாசனுக்கு 2009 மார்ச்சில் வாஷிங்டனில் ஹிலாரி கிளிண்டனும் மிஷேல் ஒபாமாவும் வீரப் பெண்மணி விருது வழங்கினார்கள்.

2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவரின் ஒப்புதல் இல்லாத அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி, ஒரு பெண். அதற்கு முன்பே 164-ஆம் எண் சட்டத்தைத் திருத்த நஜீப் அரசாங்கம் மசோதா கொண்டுவந்தது. ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்கும் பிரிவு முதலில் அதில் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் மிச்சம் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 2018 டிசம்பரில், மகாதீர் மீண்டும் பிரதமராக இருந்தபோது. சட்டத்தில் எழுத மறுத்ததை நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் சொன்ன பிறகும், தீர்ப்பை வாங்கிய தாயின் மடிக்கு அந்தக் கடைசி மகள் வந்து சேரவில்லை.

அப்துல்லா படாவியின் காலத்தில் இரண்டு தேதிகளுக்கு நடுவிலான இடைவெளி ஒருமுறை பெண்களுக்குத் துணையாக நின்றது. 2005 டிசம்பரில் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டத் திருத்தம் மேலவைக்கு வந்தபோது பெண் மேலவை உறுப்பினர்களே கொதித்தார்கள். கட்சிக் கட்டளையால் வாக்களிக்க வைக்கப்பட்டார்கள். வெளியே பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடியதால் நிறைவேறிய அந்தத் திருத்தம் நடப்புக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. அரசுத் துறையின் முடிவெடுக்கும் பதவிகளில் 30 விழுக்காடு பெண்கள் என்ற 2004-ஆம் ஆண்டுக் கொள்கையும் அவர் காலத்தது.

பிரசவ விடுப்பின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்துப் பெண்ணை நேராகத் தொட்ட உரிமை அது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 ஜூன் 1 அன்று, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பு, நடப்புக்கு வந்தது. பிரசவத்துக்கு 60 நாள். பின்னாளைய விதிப்படி, ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அடுத்ததற்குப் படி இல்லை. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு இது எளிது. இடைவிட்டு இடைவிட்டு வேலை தரும் குத்தகைக்காரனிடம் இருப்பவளுக்கு அந்தக் கணக்கே கழுத்தில் கத்தி. துங்கு முதல் எத்தனையோ பிரதமர்கள் வந்து போனார்கள். 60 நாள் அப்படியே இருந்தது. நஜீப் காலத்தில் அரசு ஊழியருக்கு 90 நாளானது. தனியார் துறைப் பெண் அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தாள். இஸ்மாயில் சாப்ரி காலத்தில், 2022-இல், 98 நாளாகத் திருத்தம் நிறைவேறியது. செப்டம்பர் 1 என்று அறிவித்த நாள் தள்ளிப்போடப்பட்டு, 2023 ஜனவரி 1 அன்று, அன்வார் பிரதமரான சில வாரங்களில் நடப்புக்கு வந்தது. தந்தைக்கு ஏழு நாள் விடுப்பும் அதோடு வந்தது. அமெரிக்காவில் இன்றும் நாடு முழுமைக்குமான சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்புச் சட்டம் இல்லை. கிளிண்டன் 1993-இல் கையெழுத்திட்டது சம்பளமில்லா விடுப்புக்கு. இந்த ஒன்றில் நாம் நிமிர்ந்து நிற்கலாம்.

பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டத்தைப் பெண்கள் அமைப்புகள் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2022-இல், இஸ்மாயில் சாப்ரியின் குறுகிய ஆட்சியில் அது நிறைவேறியது. அதன் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது 2024-இல். நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமராக வான் அசிசா 2018-இலும், முதல் பெண் தலைமை நீதிபதியாகத் தெங்கு மைமுன் 2019-இலும் வந்தார்கள். உயரத்தில் பெண்கள் அமர்வது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கட்டுரையின் அளவுகோல் வேறு.

அன்வார் அரசாங்கத்தின் பெரிய செயல் குடியுரிமைத் திருத்தம். பழைய விதிப்படி, மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் குடியுரிமை தானாக வரும். மலேசியத் தாய்க்குப் பிறந்தால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். தாய்மார் சிலரும் பேமிலி புரொண்டியர்ஸ் அமைப்பும் வழக்குத் தொடுத்து 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பெண்கள் நிறைந்த ஜொகூருக்கு இது ஊர்ச் செய்தி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரசவித்ததால் பிள்ளை அந்நியமான குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் திருத்தம் நடப்புக்கு வந்த பின் பிறக்கும் பிள்ளைகளுக்கே அது பொருந்தும். வழக்காடிய தாய்மாரின் பிள்ளைகள் முன்போலவே விண்ணப்ப வரிசையில்.

இன்று பாலோவைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனை. அதில் குலை வெட்டுவோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்தை விட்டு வந்த தமிழ்ப் பெண்களில் பலர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குத்தகை நிறுவனங்களின் கீழ்த் துப்புரவு வேலை செய்கிறார்கள். குத்தகை கைமாறும்போதெல்லாம் பணிக்காலம் புதிதாகத் தொடங்கும். ஆண்டு விடுப்பு மீண்டும் அடியிலிருந்து எண்ணப்படும். வீட்டு வேலைக்குப் போனவர்களின் நிலை இன்னும் கீழே. 98 நாள் தந்த அதே வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணை, வீட்டுப் பணியாளரைப் பிரசவப் பாதுகாப்பு, வேலை நேரம், வார ஓய்வு ஆகிய பகுதிகளுக்கு வெளியே நிறுத்துகிறது. அட்டவணையை அமைச்சர் திருத்தலாம். அரசியலமைப்பையே திருத்தும் அளவுக்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை அதற்குத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து அனுமதிப் பத்திரத்தில் வந்த தொழிலாளிப் பெண்ணுக்கோ மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் உண்டு. கருவுற்றால் அனுமதி ரத்தாகும், ஊருக்கு அனுப்பப்படுவாள். நம் பாட்டிமார் நின்ற பெரட்டில் இன்று நிற்பது அவள். அவளுக்கான சட்டத்துக்கு இன்னும் முதல் தேதியே குறிக்கப்படவில்லை.